வட அயர்லாந்து: ஆயுதம் எடுத்தவர்களின் நோக்கத்தை எப்படிப் பிரித்துப் படிப்பது?

மூன்றாம்பெஞ்ச்:

அரசியல் அறிவியல் முதுகலை வகுப்பில் 20 நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, "பயங்கரவாதத்தின் நோக்கங்களும் அரசியல் பிளவும்". பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது என்பதால் வட அயர்லாந்தை மட்டும், அதுவும் 1968 முதல் 1998 வரை, எடுத்துக்கொள்கிறேன். படித்தவரை மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது, இதை மதச் சண்டை என்று சொல்லலாமா? எந்தக் கணக்கைப் பார்த்தாலும் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்றுதான் பிரித்திருக்கிறார்கள்.

இரண்டாவது, 1968-ல் ஊர்வலம் போனவர்கள் கேட்டது ஓட்டும் வீடும் வேலையும். 1969 ஏப்ரலுக்குள் அதில் முக்கியமானவற்றுக்கு அரசு ஒப்புக்கொண்டுவிட்டது. பிறகு ஏன் 1972-ல் சாவு உச்சத்துக்குப் போனது?

மூன்றாவது, ஒரு குண்டுவெடிப்பின் நோக்கம் இதுதான் என்று எதை வைத்துச் சொல்வது? "நாங்கள்தான் செய்தோம்" என்று வரும் அறிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

இலங்கையோடு ஒப்பிடும் எண்ணம் இல்லை. அதற்கு 20 நிமிடம் போதாது, அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

முதல் கேள்விக்கு டெர்ரி மாநகராட்சியின் வார்டு கணக்கை ஒரு ஸ்லைடில் போடுங்கள். 1967-ல் வாக்காளர் நிலவரம் இது:

தெற்கு வார்டு: கத்தோலிக்கர் 10,047, மற்றவர் 1,138. இடங்கள் 8.
வடக்கு வார்டு: கத்தோலிக்கர் 2,530, மற்றவர் 3,946. இடங்கள் 8.
வாட்டர்சைடு வார்டு: கத்தோலிக்கர் 1,852, மற்றவர் 3,697. இடங்கள் 4.

மொத்தம் 23,210 ஓட்டில் கத்தோலிக்கர் 14,429, அதாவது 62 சதவீதம். மன்றத்திலோ யூனியனிஸ்ட்கள் (பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்பவர்கள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்) 12, எதிர்த்தரப்பு 8. ஒரு பக்கத்து ஓட்டையெல்லாம் ஒரே வார்டில் அடைத்துவிட்டு, மீதி இரண்டு வார்டையும் போதுமான வித்தியாசத்தில் கைப்பற்றுவதுதான் சூட்சுமம்.

இந்த இடத்தில்தான் வீடு உள்ளே வருகிறது. அங்கே உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரருக்கும் நேரடிக் குடித்தனக்காரருக்கும் அவர்களுடைய துணைக்கும்தான் ஓட்டு. அப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் கல்யாணமான மகனுக்கோ உள்வாடகைக்கு இருப்பவருக்கோ கிடையாது. கம்பெனி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் ஓட்டு வேறு. ஆக மாநகராட்சி ஒரு வீடு ஒதுக்கினால் இரண்டு ஓட்டு ஒதுக்கியதாக அர்த்தம். வடக்கு வார்டில் வித்தியாசம் 1,416 ஓட்டு. அங்கே கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு 700 சொச்சம் வீடு கொடுத்திருந்தால் வார்டு கைமாறும், வார்டு மாறினால் மன்றமே கைமாறும். அதனால்தான் கத்தோலிக்கருக்கான வீடுகளைத் தெற்கு வார்டுக்குள்ளேயே திணித்தார்கள். இடம் தீர்ந்ததும் அதே வார்டின் போக்சைடு பகுதியில் ராஸ்வில் அடுக்குமாடிகளை எழுப்பினார்கள். அகலத்தில் போனால் ஓட்டு சிதறும், உயரத்தில் போனால் சிதறாது!

இதில் இறையியல் எங்கே இருக்கிறது? யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று பிறப்பை வைத்தே கண்டுபிடிக்கும் அடையாளமாகத்தான் மதம் வேலை செய்தது. உறுதிப்படுத்த இரண்டு தகவல். அயர்லாந்துக் குடியரசுவாதத்தின் (பிரிட்டனை விட்டுப் பிரிந்து அயர்லாந்து ஒரே குடியரசாக வேண்டும் என்ற கொள்கை) மூலவர்களில் ஒருவரான வுல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். 1791-ல் 'ஐக்கிய அயர்லாந்தினர்' சங்கம் தொடங்கியதே பெல்ஃபாஸ்டில்தான். இன்னொன்று, 1979 செப்டம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் டிரோகெடாவில் நின்று, வன்முறையை விடுங்கள் என்று மன்றாடினார். அந்தக் கொள்கைக்காக ஆயுதம் எடுத்த ஐ.ஆர்.ஏ. (அயர்லாந்துக் குடியரசுப் படை) அதை ஏற்க மறுத்தது. மதக் கட்டளைக்காகச் சண்டை போடுகிறவன் போப்புக்கே முடியாது என்று சொல்வானா?

ஒரே ஒரு திருத்தம். யூனியனிஸ்ட் பக்கம் இயன் பெய்ஸ்லி மாதிரி போதகரே கட்சித் தலைவராக இருந்தவர்கள் உண்டு. 1951-ல் தனிச் சபையே தொடங்கியவர் அவர். அங்கே ரோம் மீதான பயம் நிஜமான பயம். ஆகவே "மதம் சம்பந்தமே இல்லை" என்று ஒரேயடியாக அடித்துவிட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

பழையபேப்பர்:

உங்கள் இரண்டாவது கேள்விதான் உரையின் நடுப்புள்ளியாக இருக்க வேண்டும். தொடங்கி வைத்த காரணமும் நீடிக்க வைத்த காரணமும் வேறு வேறு. பலரும் 1968-ன் குறையைச் சொல்லிவிட்டு நேராக 1972-ன் பிணக்கணக்குக்குத் தாவுவார்கள். இடையில் நாலு வருஷம் இருக்கிறது, விஷயமே அதற்குள்தான்.

1968 அக்டோபர் 5, டெர்ரி. டியூக் தெருவில் தடையை மீறி வந்த ஊர்வலத்தைப் போலீஸ் தடியால் அடித்தது. அயர்லாந்துத் தொலைக்காட்சியின் கேமரா அங்கே இருந்தது. நவம்பரிலேயே வட அயர்லாந்தின் பிரதமர் டெரன்ஸ் ஓ'நீல் சீர்திருத்தப் பட்டியலை வெளியிட்டார்: வீட்டு ஒதுக்கீட்டுக்குப் புள்ளி முறை, டெர்ரி மாநகராட்சிக்குப் பதில் ஆணையம், கம்பெனி ஓட்டு ரத்து. அடுத்த ஏப்ரலில் உள்ளாட்சியில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதையும் ஏற்றார்கள். இதுவரை நீங்கள் சொன்னது சரி.

1969 ஆகஸ்டில் கோரிக்கையின் தன்மையே மாறிவிட்டது. போக்சைடில் மூன்று நாள் கலவரம். பெல்ஃபாஸ்டில் பாம்பே தெரு எரிந்தது. அந்தக் கோடையில் 1,800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின, அதில் 1,500-க்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். போலீசில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட், துணைப்படையான பி-ஸ்பெஷல்ஸ் ஏறக்குறைய முழுக்கவே புராட்டஸ்டன்ட். வார்டு எல்லை, புள்ளி முறையெல்லாம் பின்னால் போய், "ராத்திரி தெருவுக்குள் கூட்டம் வந்தால் யார் தடுப்பது" என்பது முன்னால் வந்தது. அந்த டிசம்பரில் ஐ.ஆர்.ஏ. இரண்டாக உடைந்தது. 'புரொவிஷனல்' பிரிவு தன்னைத் தெருவின் காவலனாக நிறுத்திக்கொண்டது. அதன் இலக்கு 32 கவுண்டி ஒன்றுபட்ட அயர்லாந்து. ஆனால் ஆள் சேர்ந்தது அந்த இலக்குக்காக மட்டுமல்ல.

பிரிட்டிஷ் ராணுவம் 1969 ஆகஸ்ட் 14-ல் இறங்கியபோது கத்தோலிக்கத் தெருக்களில் டீ கொடுத்து வரவேற்றார்கள். அந்த நல்லெண்ணத்தை இரண்டரை வருஷத்தில் மூன்று நடவடிக்கைகள் கரைத்தன.

1970 ஜூலை 3–5, ஃபால்ஸ் ஊரடங்கு. வீடு வீடாக ஆயுதச் சோதனை, கண்ணீர்ப்புகை, பொதுமக்கள் நால்வர் சாவு. கிடைத்த துப்பாக்கிகளைவிட அன்று கெட்ட பெயரே அதிகம்.

1971 ஆகஸ்ட் 9, விசாரணையின்றிச் சிறை. முதல் நாளே 342 பேரைப் பிடித்தார்கள். ஒருவர்கூட லாயலிஸ்ட் (யூனியனிஸ்ட் பக்கத்து ஆயுதக் குழுக்காரர்) இல்லை. பட்டியல் பழையது. தேடிய ஆட்கள் பலர் ஏற்கெனவே தலைமறைவாகிவிட, அப்பாவிகளும் ஓய்ந்துபோன பழைய ஆட்களும் சிக்கினார்கள். பதினான்கு பேரைத் தனியாகக் கொண்டுபோய் முகமூடி, சுவரில் சாய்த்து நிற்க வைத்தல், இடைவிடாத இரைச்சல், தூக்கமின்மை, பட்டினி என்ற ஐந்து முறைகளில் வதைத்தார்கள். 1975 டிசம்பர் வரை மொத்தம் 1,981 பேர் உள்ளே போனார்கள், அதில் லாயலிஸ்ட்கள் 107 பேர்தான்.

1972 ஜனவரி 30, டெர்ரி. ஊர்வலத்தின் மீது பாராசூட் படை சுட்டதில் அன்றே 13 பேர், பின்னர் ஒருவர். அரசின் முதல் விசாரணை சிப்பாய்களைப் பெருமளவு காப்பாற்றியது. நீதிபதி சாவில் என்பவர் தலைமையிலான இரண்டாவது விசாரணையின் அறிக்கை வந்து பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்க 2010 ஜூன் ஆனது.

இறப்புக் கணக்கை இதோடு சேர்த்து வையுங்கள்: 1969-ல் 16, 1970-ல் 26, 1971-ல் 171, 1972-ல் சுமார் 480. 1971-ன் சாவுகளில் மிகப் பெரும்பகுதி ஆகஸ்ட் 9-க்குப் பிறகு. சிறைபிடித்தால் வன்முறை குறையும் என்பதுதான் அரசின் கணக்கு.

ஏட்டுச்சுரை:

பழையபேப்பர் சொன்ன தேதிகளில் தகராறு இல்லை. ஆனால் இப்படியே அடுக்கிக்கொண்டு போனால், அரசு அடித்தது, இவர்கள் திருப்பி அடித்தார்கள், முடிந்தது கதை என்று ஆகிவிடும். ஆயுதம் எடுத்தவர்கள் எல்லாம் பொம்மைகளா? ஆயுதம் எடுப்பது ஒரு முடிவு. அதே தெரு, அதே சோதனை, அதே சிறை. இருந்தும் பெரும்பாலான கத்தோலிக்கர் ஆயுதம் எடுக்கவில்லை. 1970-ல் தொடங்கிய எஸ்.டி.எல்.பி. அமைதி வழிக் கட்சி. 1983 பொதுத்தேர்தலில்கூட அதற்கு 17.9 சதவீதம், ஐ.ஆர்.ஏ.யின் அரசியல் கட்சியான ஷின் ஃபெயினுக்கு 13.4. ஷின் ஃபெயின் அதை முந்தியது 2001-ல், போர் நின்றபிறகு. ஆக, குறை என்பது யாரிடமிருந்து ஆள் எடுக்கலாம் என்பதைக் காட்டும், யார் போவார் என்பதைக் காட்டாது. அதற்கு அண்ணன் ஏற்கெனவே உள்ளே இருந்தாரா, தெருவில் யார் கை ஓங்கியிருந்தது, குடும்பத்தில் 1920-களின் பிரிவினைக் கால நினைவு எவ்வளவு உயிரோடு இருந்தது என்றெல்லாம் பார்க்க வேண்டும்.

மொத்தக் கணக்கையும் மறைக்காதீர்கள். 3,500-க்கு மேற்பட்ட சாவுகளில் குடியரசுவாதக் குழுக்கள் கொன்றது சுமார் 2,060, லாயலிஸ்ட்கள் 1,030-ஐ ஒட்டி, அரசுப் படைகள் சுமார் 360. அரசின் மூன்று நடவடிக்கைக்கு மூன்று பத்தி ஒதுக்கிவிட்டு இதை ஒரு வரியில் கடந்தால் வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

அமைப்புக்கென்று தனி நோக்கங்கள் உண்டு, அவை தொண்டனின் நோக்கத்தோடு பொருந்த வேண்டியதில்லை. சொந்தச் சமூகத்தைக் கட்டுக்குள் வைப்பது அதில் ஒன்று. காட்டிக்கொடுத்ததாகச் சொல்லித் தங்கள் ஆட்களையே கொன்று, உடலை ரகசியமாகப் புதைத்தார்கள். அந்த உடல்களைத் தேட 1999-ல் பிரிட்டிஷ், அயர்லாந்து அரசுகள் இரண்டும் சேர்ந்து தனி ஆணையமே அமைத்தன. சிறை அடுத்தது. 1976 மார்ச்சில் சிறப்புக் கைதித் தகுதியைப் பறித்தபின், "நாங்கள் குற்றவாளிகள் அல்ல" என்பதே போராட்டமானது. 1981-ல் பத்துப் பேர் உண்ணாவிரதமிருந்து செத்தார்கள். பாபி சாண்ட்ஸ் சிறைக்குள் இருந்தபடியே ஏப்ரலில் நாடாளுமன்ற உறுப்பினராகி, மே 5-ல் 66-ஆம் நாள் இறந்தார். தேர்தலிலும் ஜெயிக்கலாம் என்று அமைப்பின் கணக்கு திரும்பியது அப்போதுதான். ஐக்கிய அயர்லாந்து என்ற ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இதில் எதையும் விளக்க முடியாது.

லாயலிஸ்ட்களை "பதிலடிக்காரர்கள்" என்று ஒரு வரியில் தள்ளிவிடாதீர்கள். லாயலிஸ்ட் ஆயுதக் குழுவான யு.வி.எஃப். 1966-லேயே ஆட்களைக் கொன்றது, அப்போது புரொவிஷனல் ஐ.ஆர்.ஏ. பிறக்கவே இல்லை. அவர்களுடைய வன்முறை ஏறிய காலங்களைப் பாருங்கள். ஸ்டோர்மான்ட் ஆட்சி (வட அயர்லாந்தின் சொந்த அரசு) கலைக்கப்பட்டு லண்டன் ஐ.ஆர்.ஏ.யோடு ரகசியமாகப் பேசிய 1972, மறுபடி பேச்சும் போர்நிறுத்தமும் நடந்த 1975, எஸ்.டி.எல்.பி.யின் ஹியூமும் ஷின் ஃபெயினின் ஆடம்ஸும் பேச்சு நடத்திய 1993. தங்களைக் கேட்காமல் லண்டன் கைகழுவிவிடும் என்ற பயம் எழும்போதெல்லாம் கை ஓங்கியது. இதற்குப் பலியானவர்களில் பத்தில் எட்டுக்கு மேல் சாதாரண மக்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உரிமை கோரும் அறிக்கையை நம்ப வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். அது யாரை நோக்கி எழுதப்பட்டது என்று பாருங்கள். அதில் மூன்று விதமான சிக்கல் வரும்.

பழியை மாற்றிப் போடுவது முதல் விதம். 1969 மார்ச், ஏப்ரலில் காசல்ரே துணைமின் நிலையமும் சைலன்ட் வேலி குடிநீர்க் குழாய்களும் தகர்க்கப்பட்டன. எல்லோரும் ஐ.ஆர்.ஏ. என்றார்கள். பெல்ஃபாஸ்டில் தண்ணீர் நின்றது, ஏப்ரல் 28-ல் ஓ'நீல் பதவி விலகினார். செய்தவர்கள் லாயலிஸ்ட்கள். சீர்திருத்தம் செய்கிற பிரதமரைக் கவிழ்ப்பதுதான் நோக்கம். அக்டோபரில் எல்லைக்கு அப்பால் பாலிஷானன் மின்நிலையத்தில் குண்டு வைக்கப்போன ஆள் அடிபட்டுச் சில நாளில் இறந்தபோது குட்டு வெளிப்பட்டது.

அடுத்தது முகமூடிப் பெயர். 1976 ஜனவரி 4-ல் அர்மா, டவுன் கவுண்டிகளில் இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்களை யு.வி.எஃப். கும்பல் சுட்டது. மறுநாள் கிங்ஸ்மில்லில் வேன் ஒன்றை நிறுத்தி 10 புராட்டஸ்டன்ட் தொழிலாளர்களைக் கொன்றார்கள். 'தெற்கு அர்மா குடியரசுவாத நடவடிக்கைப் படை' என்று அதிகம் அறியப்படாத பெயரில் அறிக்கை வந்தது. அது ஐ.ஆர்.ஏ.தான் என்று 2011-ல் போலீசின் மறுஆய்வுக் குழு சொன்னது. "நாங்கள் மதம் பார்த்துக் கொல்வதில்லை" என்பது அமைப்பின் கொள்கை. கொல்லவும் வேண்டும், கொள்கையும் கெடக்கூடாது என்றால் பெயரைத்தான் மாற்ற வேண்டும். இன்னொரு லாயலிஸ்ட் அமைப்பான யு.டி.ஏ.வும் கொலைகளுக்கு 'அல்ஸ்டர் விடுதலைப் போராளிகள்' என்ற பெயரை வைத்துக்கொண்டது. அதனால் தாய் அமைப்பு 1992 வரை தடை செய்யப்படாமல் சட்டப்படியே இயங்கியது.

மூன்றாவது, குறிக்கும் விளைவுக்கும் உள்ள இடைவெளி. 1993 அக்டோபர் 23, ஷாங்கில் சாலை மீன்கடை. மாடியில் யு.டி.ஏ. தலைவர்கள் கூடியிருப்பார்கள் என்று நினைத்து வைத்த குண்டு. மாடியில் அவர்கள் இல்லை. வைக்கும்போதே வெடித்தது. கீழே ஒன்பது பேரும் வைத்தவர்களில் ஒருவரும் செத்தார்கள். "குறி வேறு" என்று அமைப்பு சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் கூட்டமான கடைத்தெருவில் குண்டு வைப்பவன் யார் சாவார்கள் என்று தெரியாதவன் இல்லை. நோக்கம் என்ற கட்டத்தில் குறியையும், "தெரிந்தே ஏற்ற ஆபத்து" என்ற இன்னொரு கட்டத்தில் இதையும் எழுதுங்கள். ஒன்றாகக் கலந்தால் இரண்டு பக்கத்து பிரசாரத்தில் ஏதாவது ஒன்றுக்குள் போய் விழுவீர்கள். ஒரு வாரத்தில் யு.டி.ஏ. கிரேஸ்டீல் மதுக்கூடத்தில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றது.

மூன்றாம்பெஞ்ச்:

மூவருக்கும் நன்றி. ஏட்டுச்சுரை சொன்ன கட்டம் கட்டமான பட்டியலை நானே போட்டுப் பார்க்க ஆசை. இறப்புப் பட்டியலை எப்படிக் கையாள்வது? எத்தனை சம்பவம் எடுத்தால் போதும்?

கணக்குப்பிள்ளை:

அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'கெய்ன்' தளத்தில் மால்கம் சட்டன் தொகுத்த பட்டியல் இருக்கிறது. தேதி, இடம், இறந்தவரின் நிலை, கொன்ற அமைப்பு எல்லாம் உண்டு. இரண்டு அம்சங்களைக் குறுக்காகப் பொருத்திப் பார்க்கும் வசதியும் உண்டு.

ஒரே ஒரு காலத்துண்டை எடுங்கள், 1971 மே முதல் அக்டோபர் வரை. ஆகஸ்ட் 9 நடுவில் விழும். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரிசை. தேதி, தெரு, கொன்றது யார், இறந்தது யார் என்பதெல்லாம் பட்டியலிலேயே கிடைக்கும். அதன் பக்கத்தில் நீங்களே நிரப்ப மூன்று கட்டம்: அன்று சொல்லப்பட்ட காரணம், பின்னாளில் விசாரணையிலோ நீதிமன்றத்திலோ தெரிந்த காரணம், முந்தைய பத்து நாளில் அதே பகுதியில் நடந்தது. முதலிரண்டு கட்டமும் எங்கே முரண்படுகிறதோ அங்கேதான் பேச விஷயம் இருக்கும்.

பாலிமர்ஃபியைச் சோதித்துப் பாருங்கள். 1971 ஆகஸ்ட் 9–11-ல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்ட பத்துப் பேரை அன்று ராணுவம் ஆயுததாரிகள் என்ற தோரணையில் சொன்னது. 2021 மே மாத மரண விசாரணை பத்துப் பேரும் முழு நிரபராதிகள் என்றது. 1971 டிசம்பரில் மெக்கர்க் மதுக்கூடத்தில் 15 பேர் செத்த குண்டையும் ஐ.ஆர்.ஏ. சொந்தக் கையாலேயே வெடிக்க வைத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். வைத்தது யு.வி.எஃப்., 1978-ல் ஒருவருக்குத் தண்டனையும் கிடைத்தது. அன்றைய நாளிதழை மட்டும் வைத்து நோக்கத்தை எழுதியிருந்தால் இரண்டிலும் தலைகீழாக எழுதியிருப்பீர்கள்.

வழுக்கும் இடங்கள்: பட்டியலுக்குப் பட்டியல் மொத்தம் மாறும். சட்டனில் 3,530-ஐ ஒட்டி வரும், இன்னொரு பெரிய தொகுப்பில் 3,600-ஐத் தாண்டும். மறைமுகச் சாவுகளைச் சேர்ப்பதா, எந்த ஆண்டோடு நிறுத்துவது என்பதில் வரும் வித்தியாசம் அது. ஒரு பட்டியலின் மொத்தத்தை இன்னொன்றின் சதவீதத்தோடு கலக்காதீர்கள். "இறந்தவர் கத்தோலிக்கர்" என்ற தகவலை வைத்து "கத்தோலிக்கர் என்பதற்காகக் கொல்லப்பட்டார்" என்று எழுதவும் கூடாது. அவர் போலீஸ்காரராக இருந்திருக்கலாம், சொந்தப் பக்கமே காட்டிக்கொடுத்தவர் என்று சுட்டிருக்கலாம். சம்பவத்துக்குச் சம்பவம் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

பழையபேப்பர்:

ஏட்டுச்சுரை சொன்னதில் தொண்டனின் நோக்கம் வேறு, அமைப்பின் நோக்கம் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமைதி ஏன் வந்தது என்பதற்கும் அதே பிரிவு உதவும். 1994 ஆகஸ்ட் 31 போர்நிறுத்தம் தலைமையின் கணக்கு: ராணுவத்தால் தங்களை ஒழிக்க முடியாது, தங்களாலும் ராணுவத்தை வெளியேற்ற முடியாது. அதை ஏற்காதவர்கள் தனியாகப் போனார்கள். 1998 ஆகஸ்ட் 15-ல் ஓமாவில் 29 பேரைக் கொன்றது அப்படிப் பிரிந்துபோன கோஷ்டிதான், 1998 ஏப்ரலில் 'புனித வெள்ளி' அமைதி ஒப்பந்தம் கையெழுத்தாகி நாலு மாதத்தில்.

தலைப்பில் "அரசியல் பிளவு" என்றும் இருப்பதால் கடைசி மூன்று நிமிடத்தை ஒப்பந்தத்துக்கு வையுங்கள். வாக்கெடுப்பில் வடக்கில் 71.1 சதவீதம் ஆதரவு. ஓட்டையும் போலீசையும் அது நேராகக் கையில் எடுத்தது. தேர்தல் விகிதாசார முறையில். புதிய போலீசுக்கு 2001 முதல் 2011 வரை பாதிக்குப் பாதி கத்தோலிக்கர் சேர்ப்பு.

ஆனால் ஒப்பந்தப்படி அமைந்த பேரவையில் ஒவ்வொரு உறுப்பினரும் தான் யூனியனிஸ்டா, தேசியவாதியா (ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்புபவர்), மற்றவரா என்று பதிவு செய்தாக வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு இரண்டு பக்கத்து ஆதரவும் வேண்டும். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் ஒருவர் விலகினால் மற்றவரும் இருக்க முடியாது. இரு தரப்புக்கும் தடுக்கும் அதிகாரம் கொடுத்தால்தான் துப்பாக்கியைக் கீழே வைப்பார்கள் என்ற ஏற்பாடு இது. துப்பாக்கி விஷயத்தில் பலித்தது, ஐ.ஆர்.ஏ. 2005-ல் ஆயுதங்களைச் செயலிழக்கச் செய்து முடித்தது. ஆட்சி விஷயத்தில் 2002 முதல் 2007 வரை, 2017 முதல் 2020 வரை, 2022 முதல் 2024 தொடக்கம் வரை என்று மூன்று தடவை நீண்ட காலம் முடங்கியது. 2013-ல் ஆட்சியாளர்கள், பெல்ஃபாஸ்டின் தடுப்புச் சுவர்களை 2023-க்குள் அகற்றுவதாக இலக்கு வைத்தார்கள். சுவர்கள் நிற்கின்றன. இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளிகளில் இருப்பவர்கள் இன்றும் பத்தில் ஒருவர்கூட இல்லை.